கொலைக் காட்சியை டிவியில் திரும்பத் திரும்பக் காட்டலாமா?

வடசென்னை வியாசர்பாடியிலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கும் கேள்வி இது. அவர்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு கொலை நடந்திருக்கிறது. பக்கத்து டீக்கடையின் சிசிடிவியில் அது பதிவாகியிருக்கிறது. அன்று சாயங்காலம் ஏழு மணியிலிருந்து ஒரு செய்தி சேனல் அதை ஓட்டிக்கொண்டே இருந்ததாம். சிவப்பு வட்டம் போட்டு, பின்னணி இசை சேர்த்து, வெட்டு விழும் இடத்தில் நிறுத்தி நிறுத்திக் காட்டினார்களாம். ஆறாவது படிக்கும் மகள் பார்த்துவிட்டாள். இறந்தவரின் தாயார் மூன்று வீடு தள்ளி இருக்கிறார், அவர் வீட்டிலும் அதே சேனல்தான் ஓடியிருக்கிறது. காட்சியின் ஓரத்தில் யூனிஃபார்மோடு நின்றவன் மகளின் வகுப்புப் பையன் என்றும் போகிற போக்கில் எழுதியிருக்கிறார். "இதற்கெல்லாம் சென்சார் கிடையாதா, யார் அனுமதி கொடுத்தது?" என்று முடிக்கிறார். அனுமதி என்று கேட்டாலும், இதைப் போடலாம் என்று முடிவெடுத்தவர்களைப் பதில் சொல்ல வைக்க முடியுமா என்பதுதான் அவர் மனதில் இருப்பது என்று எடுத்துக்கொள்கிறேன். முடியும். எவ்வளவு தூரம் முடியும் என்பதைக் கொஞ்சம் விரிவாகத்தான் சொல்ல வேண்டும்.

தமிழ் செய்தி சேனல் ஒன்றின் அவுட்புட் டெஸ்க்கில், அதாவது எதை எப்படி ஒளிபரப்புவது என்று பார்க்கும் பிரிவில், பல வருடம் இருந்தேன். அப்புறம் நேயர் புகார்களுக்குப் பதில் எழுதும் வேலை. வீடு பழைய வண்ணாரப்பேட்டை. நான் வக்கீல் இல்லை. சட்டத்தில் எழுதியிருப்பதைச் சொல்கிறேன். கோர்ட்டில் எப்படிப் போகும் என்று உறுதியில்லாத இடங்களை அப்படியே சொல்லிவிடுகிறேன்.

முதலில் சென்சார். செய்திக்கு முன் தணிக்கை இந்தியாவில் கிடையாது. சென்சார் போர்டு என்று நாம் சொல்லும் திரைப்படச் சான்றிதழ் வாரியம் சினிமாவுக்கானது. டிவியில் படம் போட்டால் அதன் சான்றிதழ் பார்ப்பார்கள், எட்டு மணிச் செய்தியை யாரும் முன்கூட்டியே பார்த்து அனுமதி தருவதில்லை. தரக்கூடாது என்பதுதான் என் கட்சியும். செய்தியை அரசு முன்னால் பார்த்துத்தான் வெளியே விடும் என்றால் இழப்பு நமக்குத்தான். ஆகவே "யார் அனுமதி கொடுத்தது" என்பதற்குப் பதில்: யாரும் கொடுக்கவில்லை, கொடுக்கவும் தேவையில்லை. ஒளிபரப்பிய பிறகுதான் கணக்குக் கேட்க முடியும்.

கணக்குக் கேட்க ஒரு சட்டம் இருக்கிறது. 1995ஆம் ஆண்டின் கேபிள் டிவி நெட்வொர்க் ஒழுங்குமுறைச் சட்டம், அதற்கு முன்பே 1994இல் போடப்பட்டு இப்போது அதன் கீழ் தொடரும் விதிகள். விதிகளில் ஆறாவது விதிதான் நிகழ்ச்சி நெறிமுறை. நல்ல ரசனைக்கும் கண்ணியத்துக்கும் எதிரானது கூடாது, வன்முறையைத் தூண்டக்கூடியது கூடாது, எல்லோரும் பார்க்கத் தகாதது கூடாது, குழந்தைகளுக்கு ஏற்காத நிகழ்ச்சியை அவர்கள் அதிகம் பார்க்கும் நேரத்தில் போடக்கூடாது என்றெல்லாம் அதில் இருக்கிறது. டிடிஎச்சில் பார்த்தாலும் இதுதான் பொருந்தும், ஏனென்றால் சேனலுக்கு அனுமதி தரும்போதே இந்த நெறிமுறைக்குக் கட்டுப்பட வேண்டும் என்று நிபந்தனை போட்டுவிடுகிறார்கள். ஆனால் அந்த விதியை எத்தனை முறை புரட்டினாலும் "ரத்தத்தைக் காட்டாதே" என்று ஒரு வரி இருக்காது. எத்தனை நொடி காட்டலாம், எத்தனை தடவை காட்டலாம் என்றும் இருக்காது. நல்ல ரசனை என்பதை யார் அளப்பது? சேனல் வக்கீல்கள் நிற்பது இந்த இடத்தில்தான். அரசியல் சட்டம் பேச்சுரிமைக்கு அனுமதிக்கும் கட்டுப்பாடுகளில் கண்ணியம், பொது ஒழுங்கு, குற்றத்துக்குத் தூண்டுதல் எல்லாம் உண்டு. பார்க்கக் கொடூரமாக இருக்கிறது என்பது தனியாக அந்தப் பட்டியலில் இல்லை.

இந்த மொட்டை விதிக்குக் கொஞ்சம் சதை கொடுத்தது 2023 ஜனவரி 9 அன்று தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் எல்லா சேனல்களுக்கும் அனுப்பிய அறிவுறுத்தல். அதற்குச் சில நாள் முன்புதான், 2022 டிசம்பர் 30 அன்று, கிரிக்கெட் வீரர் ரிஷப் பண்ட் கார் விபத்தில் காயப்பட்டிருந்தார். ரத்தத்தோடு இருந்த அவரை ப்ளர் போடாமல் காட்டியதை அமைச்சகம் உதாரணமாக எடுத்துக்கொண்டது. பாட்னாவில் ஒரு டியூஷன் வகுப்பில் ஐந்து வயதுப் பையனை ஆசிரியர் மயங்கி விழும்வரை அடித்த வீடியோவை, அழுகைச் சத்தத்தைக்கூடக் குறைக்காமல் ஒன்பது நிமிடத்துக்கு மேல் ஓட்டியதும் அந்த உதாரணங்களில் உண்டு. சமூக வலைத்தளத்திலிருந்து எடுத்ததை வெட்டாமல் கொள்ளாமல் அப்படியே போடுகிறீர்கள், முகத்தை மறைப்பதில்லை, தூரத்துக் காட்சியாகக் காட்டுவதில்லை, வட்டம் போட்டு வேறு காட்டுகிறீர்கள் என்று அது குறை சொல்கிறது. நீங்கள் பார்த்த சேனல் போட்ட சிவப்பு வட்டம் நினைவிருக்கிறதல்லவா? வீட்டில் பெரியவர்களும் குழந்தைகளும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்கும் பெட்டி இது, பாதிக்கப்பட்ட குடும்பத்தின் அந்தரங்கமும் இருக்கிறது என்றும் அதில் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் புகாருக்கு இதைவிடப் பொருத்தமான காகிதம் கிடையாது. ஒரு எச்சரிக்கை மட்டும்: அறிவுறுத்தல் என்பது தனிச் சட்டம் ஆகாது. நிகழ்ச்சி நெறிமுறையை அமைச்சகம் எப்படிப் புரிந்துகொள்கிறது என்பதற்கு அது ஆதாரம். அதே புரிதலை ஒரு நீதிபதி ஏற்பாரா என்பது வழக்கைப் பொறுத்தது.

இனி அந்தக் காட்சி உங்கள் வீட்டுக்கு எப்படி வந்தது என்று சொல்கிறேன். புகார் எழுத இது தெரிந்திருக்க வேண்டும். கடைக்காரர் சிசிடிவி பதிவாகும் டிவிஆர் பெட்டியிலிருந்து முறையாகக் காப்பி எடுத்துக் கொடுப்பதெல்லாம் அபூர்வம். மானிட்டரில் ஓடுவதை யாரோ செல்போனில் பிடிக்கிறார்கள். டிவியில் வரும்போது படம் கோடு கோடாக நெளிவதும், கண்ணாடியில் டியூப்லைட் வெளிச்சம் தெரிவதும், "தோ பாரு, தோ பாரு" என்று பின்னால் குரல் கேட்பதும் அதனால்தான். அது ஏரியா வாட்ஸ்அப் குழுவுக்குப் போய், அங்கிருந்து ஸ்ட்ரிங்கர் (ஏரியாவில் செய்தி சேகரித்துத் தரும் பகுதிநேர நிருபர்) கைக்கு வந்து, செய்திகளை வாங்கிப் பிரிக்கும் அசைன்மென்ட் டெஸ்க்கை அடைய அரை மணி நேரம்கூட ஆகாது. வந்ததும் கேட்கப்படும் முதல் கேள்வி "காட்டலாமா" என்பதாக இருக்கும் என்று நினைப்பீர்கள். "வேற யார்கிட்டயாவது ஓடுதா?" என்பதுதான் முதல் கேள்வி. எதிர்ச் சுவரில் போட்டி சேனல்கள் எல்லாம் மியூட்டில் வரிசையாக ஓடிக்கொண்டிருக்கும். அதில் ஒன்றில் வந்துவிட்டால் பேச்சு முடிந்தது.

ப்ளர் போடுவது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஆனால் ஆள் ஓடும்போது ப்ளரும் கூடவே ஓட வேண்டும், எடிட்டர் உட்கார்ந்து பிரேம் பிரேமாகத் தொடர்ந்து பிடிக்க வேண்டும். பிரேக்கிங் நேரத்தில் அந்தச் சில நிமிடத்தைக் கொடுக்க யாருக்கும் மனசு வராது. "முதல்ல ஏத்து, அடுத்த புல்லட்டின்ல ப்ளர் போட்டுக்கலாம்" என்பார்கள். சொன்னபடி அடுத்த புல்லட்டினில் போட்டும்விடுவார்கள். பிறகு புகார் வந்தால் "நாங்கள் மறைத்துத்தான் ஒளிபரப்பினோம்" என்று அந்த இரண்டாவது பதிப்பைக் காட்டுவார்கள். நான் பதில் எழுதிய காலத்தில் இது வாடிக்கை. ஆகவே முதல் ஒளிபரப்பின் நேரம்தான் முக்கியம். "சாயங்காலம் காட்டினார்கள்" என்று எழுதினால் உங்களுக்கு நழுவல் பதில்தான் வரும். "7.10 மணி வாக்கில், முகம் மறைக்காமல்" என்று எழுதினால் நழுவ முடியாது, ஏனென்றால் சேனல்கள் ஒளிபரப்பிய எல்லாவற்றையும் 90 நாள் பதிவாக வைத்திருக்க வேண்டும் என்பது அனுமதி நிபந்தனை.

திரும்பத் திரும்பப் போடுவதற்குக் காரணம் டிஆர்பி மட்டும் என்று பொதுவாகச் சொல்வார்கள். பாதிதான் சரி. கையில் இருப்பது நாற்பது விநாடி விஷுவல். ரிப்போர்ட்டர் இன்னும் முல்லை நகர் மேம்பாலம் பக்கம் டிராஃபிக்கில் நிற்கிறார். போலீஸ் வாய் திறக்கவில்லை. தொகுப்பாளரோ அரை மணி நேரம் பேசியாக வேண்டும். வேறு படம் இல்லாததால் அதுவே லூப்பில் ஓடுகிறது. மியூசிக், வட்டம், ஸ்லோமோஷன் எல்லாம் அதே நாற்பது விநாடியைப் புதிதுபோலக் காட்டும் வேலை.

இன்னொன்றும் உண்டு. அடையாறிலோ அண்ணா நகரிலோ நடந்திருந்தால் டெஸ்க்கில் ஒரு தயக்கம் வரும். குடும்பம் வக்கீல் நோட்டீஸ் அனுப்பும், பெரிய இடத்திலிருந்து போன் வரும் என்று யோசிப்பார்கள். வியாசர்பாடி, புளியந்தோப்பு, காசிமேடு என்றால் அந்த யோசனை இல்லை. திரையின் அடியில் ஓடும் டிக்கரில் "வடசென்னையில் பயங்கரம்" என்று அடிக்கக் கை தானாகவே போகும். இது கூட இருந்து பார்த்தவனின் கணிப்பு, கணக்கெடுத்து நிரூபித்த விஷயம் இல்லை. ஆனால் நம் பக்கத்திலிருந்து எழுத்தில் வந்த புகார்கள் மிகக் குறைவு என்பதை உறுதியாகச் சொல்வேன். திட்டி வரும் போன்கள் நிறைய. போனுக்குக் கோப்பு கிடையாது.

அதற்காக வன்முறைக் காட்சி எதையுமே காட்டக்கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். 2018 மே மாதம் தூத்துக்குடியில் போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் 13 பேர் இறந்தார்கள். வேன் மேல் ஏறி, சீருடை இல்லாமல், துப்பாக்கியைக் குறி பார்த்த ஆளின் படம் டிவியில் வந்ததால்தான் அந்தச் சம்பவம் மறைக்க முடியாத விஷயமாக ஆனது. அங்கே காட்சியே செய்தி. அதிகாரத்தில் இருப்பவர் என்ன செய்தார் என்று நாம் பார்க்க வேண்டியிருந்தது. எதிர்ப்பக்கத்தில் 2008 மும்பைத் தாக்குதலின் நேரலை இருக்கிறது. கமாண்டோக்கள் எங்கே இறங்குகிறார்கள் என்பதை டிவியில் பார்த்தே எல்லைக்கு அப்பாலிருந்து ஆணை கொடுத்தார்கள் என்று 2012ஆம் ஆண்டு கசாப் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் சேனல்களைக் கடுமையாகக் கண்டித்தது. பயங்கரவாத எதிர்ப்பு நடவடிக்கையை நேரலையாகக் காட்டக்கூடாது என்ற விதி 2015இல் சேர்ந்தது. உங்கள் தெருக் கொலை இந்த இரண்டிலும் சேராது. நடந்தது என்று சொல்லலாம், ஓடும் ஆட்களைத் தூரத்துக் காட்சியாக ஒருமுறை காட்டலாம். வெட்டு விழும் நொடியால் யாருக்கும் கூடுதலாக ஒரு தகவலும் கிடைக்கவில்லை. என்னைக் கேட்டால் கோடு அங்கேதான். சட்டம் அந்தக் கோட்டை இவ்வளவு தெளிவாகப் போடவில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

இப்போது நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்தப் பையனுக்கு வருகிறேன். உங்கள் கேள்வியிலேயே சட்டப்படி பலமான இடம் அதுதான். ரத்தம், வட்டம், இசை எல்லாம் ரசனை, கண்ணியம் என்று வாதாட வேண்டிய விஷயங்கள். பையன் விஷயத்தில் அந்த வாதத்துக்கு இடம் மிகக் குறைவு. 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், 74ஆம் பிரிவு: ஒரு குற்றத்தில் பாதிக்கப்பட்ட குழந்தையோ சாட்சியான குழந்தையோ யார் என்று தெரியும்படி பெயர், முகவரி, பள்ளி, படம் எதையும் எந்த ஊடகமும் வெளியிடக்கூடாது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். யூனிஃபார்ம் தெரிந்தால் பள்ளி தெரியும், முகம் தெரிந்தால் பையனே தெரியும். கொலை செய்தவர்கள் பிடிபடாமல் இருக்கும்போது "இவன் பார்த்திருக்கிறான்" என்று ஊருக்கே காட்டுவது எவ்வளவு ஆபத்து என்பதை வியாசர்பாடியில் இருக்கும் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சேனல் தரப்பு "அவன் சாட்சி என்று போலீஸ் இன்னும் சேர்க்கவில்லையே" என்று சொல்லிப் பார்க்கலாம். அந்த வாதம் நிற்குமா என்பது சந்தேகம்தான், ஆனால் வரும். பையனின் பெற்றோர் முன்வந்தால் புகாரில் அவர்கள் கையெழுத்தும் இருப்பது நல்லது. தமிழ்நாடு குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்குத் தனியாக ஒரு கடிதம் போடுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098க்குப் போன் செய்தாலும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு விஷயம் போகும். ஆறு மாதத் தண்டனைக்குரிய குற்றம் என்பதால் போலீஸ் ஸ்டேஷனில் போய் நின்றவுடன் எஃப்ஐஆர் போட மாட்டார்கள், அதற்காக மனம் தளர வேண்டாம்.

புகார் போகும் வழி 2021 ஜூன் மாதம் திருத்திய விதிகளில் இருக்கிறது. முதலில் சேனலுக்கே எழுத வேண்டும். குறைதீர்க்கும் அலுவலர் பெயரும் தொடர்பு விவரமும் அவர்கள் இணையதளத்தில் இருக்க வேண்டும். புகார் கிடைத்தது என்று 24 மணி நேரத்தில் ஒப்புகை தர வேண்டும், 15 நாளில் முடிவு சொல்ல வேண்டும். திருப்தி இல்லையென்றால் அடுத்த 15 நாளுக்குள் அந்தச் சேனல் சேர்ந்திருக்கும் சுய ஒழுங்கு அமைப்புக்கு, அதாவது சேனல்கள் தாங்களே சேர்ந்து வைத்திருக்கும் அமைப்புக்கு, மேல்முறையீடு. அவர்களுக்கு 60 நாள். அதிலும் சரிவரவில்லையென்றால் 15 நாளுக்குள் மத்திய அரசு. கெடு இருக்கிறதே என்று ஆறப்போடாமல், ஒளிபரப்பான ஒரு வாரத்துக்குள் முதல் கடிதத்தை அனுப்பிவிடுங்கள். சேனல் பெயர், தேதி, நேரம், என்ன காட்டினார்கள், எத்தனை முறை என்பதை மட்டும் எழுதுங்கள். யூடியூபில் இன்னும் இருந்தால் அதன் இணைப்பும் ஸ்கிரீன்ஷாட்டும் சேர்க்கலாம். பையன் முகம் தெரியும் ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் எந்தக் குழுவிலும் போட்டுவிடாதீர்கள்.

தவறான கதவைத் தட்டி நாளை வீணாக்குபவர்கள் நிறையப் பேர். பிரஸ் கவுன்சில் பத்திரிகைகளுக்கானது, டிவி அதன் எல்லைக்குள் வராது. சீரியல், ரியாலிட்டி ஷோ புகார்களுக்கு வேறொரு அமைப்பு இருக்கிறது, அது செய்தியைத் தொடாது. உங்கள் கேபிள்காரரிடம் சண்டை போட்டும் பலனில்லை, சாட்டிலைட் சேனலின் செய்தியை அவர் கொண்டுவந்து தருகிறார், அவ்வளவுதான். அவரே நடத்தும் லோக்கல் சேனலில் வந்திருந்தால் கதை வேறு, அதற்கு அவர்தான் பொறுப்பு. காட்சியால் சாதி, மதக் கலவரம் வரும் நிலை என்றால் கேபிளில் அதை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் மாவட்ட ஆட்சியருக்கும் போலீஸ் கமிஷனருக்கும் 19ஆம் பிரிவில் இருக்கிறது. உங்கள் விஷயம் அந்த அளவுக்குப் போனதாகத் தெரியவில்லை.

என்ன கிடைக்கும் என்று எதிர்பார்க்கலாம்? சேனலை மூடிவிடுவார்கள் என்று நினைக்காதீர்கள். கேபிள் சட்டத்தில் முன்பு இருந்த சிறைத் தண்டனையை 2023 திருத்தத்தில் எடுத்துவிட்டார்கள், இப்போது அறிவுரை, எச்சரிக்கை, கண்டனம், அபராதம் என்றுதான் போகும். செய்தி சேனல்களின் பெரிய சங்கத்தின் சுய ஒழுங்கு அமைப்பு ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் இயங்குகிறது. அதன் அதிகபட்ச அபராதம் அப்போது ஒரு லட்சம் ரூபாயாக இருந்ததைப் பார்த்து, இது போதுமா என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமே கேட்டது. இருந்தாலும் எழுத்துப் புகாருக்கு உள்ளே ஒரு மதிப்பு இருக்கிறது. விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தால் அன்றைய ஷிஃப்ட் பொறுப்பாளர் பெயரோடு பதில் எழுத வேண்டும். அடுத்த முறை அதே ஆள் ப்ளருக்கு மூன்று நிமிடம் கொடுப்பார். நான் பார்த்தவரை பெரிய தண்டனையைவிட இதுதான் வேலை செய்கிறது.

யூடியூபில் மட்டும் இயங்கும் செய்தி சேனல்கள் இந்தச் சட்டத்துக்குள் வருவதில்லை. அவற்றுக்காக 2021 பிப்ரவரியில் தகவல் தொழில்நுட்ப விதிகள் வந்தன. அதில் நெறிமுறையைக் கட்டாயமாக்கும் பகுதியை மும்பை உயர் நீதிமன்றம் அந்த ஆகஸ்டில் நிறுத்திவைத்தது, அந்தத் தடை நாடு முழுக்கப் பொருந்தும் என்று நம் சென்னை உயர் நீதிமன்றமும் செப்டம்பரில் சொன்னது. அதனால் அங்கே விதியைக் காட்டி மிரட்டுவதைவிட, வீடியோவின் கீழே இருக்கும் ரிப்போர்ட் பட்டனை அழுத்தி, வன்முறை, குழந்தையின் அடையாளம் என்று இரண்டு காரணத்தையும் குறிப்பிடுவது சீக்கிரம் பலன் தரும்.

கடைசியாக அந்தத் தாயார். இறந்தவரின் அந்தரங்க உரிமை அவரோடு முடிந்துவிடுகிறது, வாரிசுகளுக்கு அது வராது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. ஆகவே மகன் சார்பில் நஷ்டஈடு கேட்டுப் போவது எளிதாக இருக்காது. ஆனால் ஜனவரி அறிவுறுத்தல் குடும்பத்தின் அந்தரங்கத்தைத் தனியாகவே குறிப்பிடுவதால், குடும்பத்தார் என்ற முறையில் அவர் தாராளமாகப் புகார் எழுதலாம். எழுதும்போது, இந்தக் காட்சியை இணையப் பக்கங்களிலிருந்து நீக்க வேண்டும், இனி எந்தச் செய்தியிலும் ஃபைல் விஷுவலாக (பழைய காட்சியாக எடுத்து) பயன்படுத்தக்கூடாது என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் சேனல் லைப்ரரியில் அது "வடசென்னை கொலை" என்ற பெயரில் கிடக்கும், அடுத்த வருடம் வேறெங்கோ ஒரு சம்பவம் நடந்தால் படம் தேடுகிறவர் அதையே எடுத்து ஓட்டுவார்.